பிரதேச சபைக்குச் சாய்தளம்: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி: ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 22 வயது, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். பிரதேச சபை அலுவலகத்துக்கு ஐந்து படி ஏற வேண்டும். இரண்டு பேர் தூக்கினால்தான் உள்ளே போகலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் சாய்தளம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கட்சிக்காரர் யாரையாவது பிடித்தால்தான் நடக்கும் என்று லயத்தில் சொல்கிறார்கள். சட்டப்படி கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு, அம்மா. கட்சிக்காரரையும் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் தயவு கேட்டுப் போகாதீர்கள். கையில் கடிதமும் திகதியும் வைத்துக்கொண்டு போங்கள். வாயால் கேட்டது வாயோடு போய்விடும்.

முதலில் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தில் 23ஆம் பிரிவைப் பாருங்கள். பொதுமக்கள் போய்வரும் கட்டடத்துக்குள் செல்ல, இயலாமையைக் காரணமாக்கி ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ இருக்கக்கூடாது என்கிறது அது. மீறப்பட்டால் 24ஆம் பிரிவின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. பழைய கட்டடங்களைத் திருத்தக் கொடுத்த அவகாசமும் எப்போதோ முடிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே இதற்காகப் போராடிய கிரிக்கெட் நடுவர் அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2011இல் இந்த விதிகளைப் பின்பற்றும்படி உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் கேட்பது புதுச் சலுகையல்ல, ஏற்கெனவே செய்திருக்க வேண்டிய வேலை.

கடிதத்தைச் சபைச் செயலாளருக்கு எழுதி, தவிசாளருக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் பிரதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. எந்தக் கட்டடம், எத்தனை படி, ஒரு படியின் உயரம் எத்தனை சென்ரிமீற்றர், எந்த நாளில் எந்த வேலைக்காகப் போய் உள்ளே போக முடியவில்லை என்று குறிப்பிட்டுப் படமும் இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மகனுக்கு 22 வயது என்பதால் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். தாய் கேட்டால் இரக்கப்படுவார்கள், அவரே கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். சபையின் தகவல் அதிகாரியிடம், சாய்தளத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், மதிப்பீடு தயாரா, இல்லையென்றால் எந்தக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று கேளுங்கள். “ஏன் கட்டவில்லை?” என்று கேட்டால் நழுவிவிடுவார்கள், ஆவணத்தைக் கேட்டால் நழுவ முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் நடக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

பலர் தவறவிடுவது மனித உரிமைகள் ஆணைக்குழுவை. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. எழுத்தில் மறுப்பு வந்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன, 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இனி அரசியல். உரிமைச் சட்டம் இருந்தும் அது அசையாமல் கிடப்பது இங்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் 1973இல் வந்த சட்டத்துக்கு விதிகள் கையெழுத்தாகாமல் இழுபட்டன. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவின் அரச கட்டடத்துக்குள் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கிப் போராடிய பிறகே கையெழுத்து விழுந்தது. நமக்கு வசதியான இடம் சபையின் வரவு செலவுத் திட்டம். அடுத்த ஆண்டுக்கான திட்டம் டிசம்பருக்குள் நிறைவேறிவிடும், ஆகவே செப்டெம்பரிலேயே உங்கள் பகுதி உறுப்பினரிடம் பிரேரணை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு தொழிற்சங்கத்தின் தலைவரிடம் மட்டும் கொடுத்தால் மற்றச் சங்கத்தார் ஒதுங்கிக்கொள்வார்கள். தோட்டத்திலுள்ள எல்லாச் சங்கத் தலைவர்களும் கோயில் கமிட்டியும் ஒரே மனுவில் ஒப்பமிடட்டும். முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தப் படி அவர்களுக்கும் படிதான். லயத்திலிருந்து வீதிக்கு வரும் பாதையையும் திருத்தக் கேட்கும்போது “தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது” என்றால், பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டதை நினைவூட்டுங்கள். தோட்ட மக்களுக்கும் சேவை செய்ய அந்தத் திருத்தம் இடம் தருகிறது.

தேர்தலன்று மகன் துணையுடன் வாக்களிக்கலாம். உதவியாளர் 18 வயது நிரம்பியவராக, வேட்பாளரோ முகவரோ அல்லாதவராக இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ்ப் படிவத்தை கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே வாங்கி, அரச வைத்தியரின் ஒப்பமும் பெற்றுவிடுங்கள்.

ஒதுக்கீடு கிடைத்த பிறகுதான் அதிகம் கெட்டுப்போகிறது. சரிவு 1க்கு 12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும். 15 சென்ரிமீற்றர் படி ஐந்து என்றால் உயரம் 75, சாய்தளத்தின் நீளம் 9 மீற்றர். இடமில்லை என்று 3 மீற்றரில் முடித்தால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். மலைச்சரிவில் நேராக இடம் கிடைக்காது, ஆகவே நடுவில் ஒன்றரை மீற்றர் சமதளத் தட்டு வைத்து மடித்துக் கட்டச் சொல்லுங்கள். கதவு முன்னாலும் அதே அளவு தட்டு வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது நாற்காலி சரிவில் நிற்கும். இரு பக்கமும் கைபிடி, ஓரத்தில் சக்கரம் இறங்காதபடி சிறு கட்டு. தரை ஓடு பதிக்க விடாதீர்கள். பனியும் மழையும் பாசியும் உள்ள ஊரில் தும்புத்தடியால் கீறிய சீமெந்துதான் பிடிக்கும். கூரைத் தண்ணீர் சாய்தளத்தில் விழுகிறதா, அடியில் வடிகான் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொங்கிரீட் போடுமுன், பலகை அடித்த நிலையிலேயே மகனை அழைத்துப் போய், அளவு நாடாவால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் முன்னிலையில் அளந்து பாருங்கள்.