மாதாவுக்கும் மீட்பர் தேவையா?

கேள்வி: பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாளைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லியிருக்கிறார் ஃபாதர். போன வருஷம் ஒரு பையன், "மாதா அப்பா இல்லாமப் பிறந்தாங்களா டீச்சர்?" என்று கேட்டான். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் நாத்தனாரோ, "எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று வேதம் சொல்லுதே, மரியாளுக்கு மட்டும் விலக்கா? பாவமே இல்லைன்னா அவங்களுக்கு இயேசு எதுக்கு?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: பையனின் குழப்பம் பெரியவர்களிடமும் உண்டு. தகப்பன் இல்லாமல் கருவானவர் இயேசு. அதை நினைவுகூரும் நாள் மார்ச் 25. மாதாவுக்கோ சுவக்கின், அன்னம்மாள் என்று அப்பா அம்மா இருவரையும் மரபு சொல்கிறது. எல்லாரையும் போலத்தான் கருவானார். வகுப்பில் விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள்: டிசம்பர் 8-லிருந்து செப்டம்பர் 8 வரை ஒன்பது மாதம். செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் என்று வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக டிசம்பர் 8, மாதா தாய் வயிற்றில் கருவான நாள். அந்த முதல் கணத்திலேயே ஜென்மப் பாவம் அவரைத் தொடாதபடி கடவுள் காத்தார் என்பதுதான் போதனை.

அப்புறம் ஜென்மப் பாவம் என்றால் என்ன என்று கேட்பார்கள். அது குழந்தை செய்த குற்றம் இல்லை. ஆதாம் ஏவாளுக்குக் கடவுள் கொடுத்திருந்த புனித நிலையை அவர்கள் இழந்தார்கள்; அந்த இழப்போடுதான் நாம் பிறக்கிறோம். ஞானஸ்நானம் அந்த அருளைத் திருப்பித் தருகிறது, ஆனால் தீமையின் பக்கம் சாய்கிற மனசு நம்மிடம் மிச்சம் இருக்கிறது. நமக்குப் பிறந்த பின் கிடைக்கிற அருள், மாதாவுக்குக் கருவான கணத்திலேயே கிடைத்தது.

இனி உங்கள் நாத்தனார். அவர் கேட்பது லேசான கேள்வி இல்லை. இடைக்கால இறையியலாளர்களில், மாதா பக்தியில் யாருக்கும் குறையாத புனித பெர்நார்துவும், பிறகு புனித தாமஸ் அக்குவினாஸும் இந்த விஷயத்தில் தயங்கினார்கள். எல்லாருக்கும் மீட்பர் கிறிஸ்து என்றால், மாதாவும் அதில் அடங்க வேண்டுமே என்பது அக்குவினாஸின் கவலை. முடிச்சை அவிழ்க்க வழி காட்டியவர்களில் முக்கியமானவர் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி. மீட்பு இரண்டு விதம் என்றார். விழுந்தவரைத் தூக்குவது ஒன்று, விழாமல் காப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உயர்ந்தது.

நம் ஊருக்கு இதைச் சொல்வது சுலபம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். மீன்துறை டோக்கன் தராமல் படகுகளைக் கரையில் நிறுத்துகிறது. முன்னமே போன ஒரு படகு கவிழ்ந்து, அதிலிருந்தவர்களைக் கடலோரக் காவல் படை மீட்டு வருகிறது. நனைந்து வந்தவர்களும் பிழைத்தவர்கள்தான், நனையாமல் கரையில் நின்றவர்களும் பிழைத்தவர்கள்தான். ஆனால் இதற்கு மேல் உவமையை இழுக்காதீர்கள். கரையில் நின்றவர் எச்சரிக்கையைக் கேட்டு நடந்தார். கருவான கணத்தில் மாதா எதைக் கேட்டிருக்க முடியும்? முழுக்கவும் இலவசமாக வந்த அருள் அது.

போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) 1854 டிசம்பர் 8-ல் இதை விசுவாச சத்தியமாக அறிவித்தபோதும், "இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு" என்றே சேர்த்துச் சொன்னார். சிலுவை பிற்காலத்தில்தானே என்றால், கடவுளுக்கு அது முன்னமே தெரியும். மாதாவே லூக்கா முதல் அதிகாரத்தில் கடவுளைத் தன் மீட்பர் என்று பாடுகிறார். நாத்தனாரிடம் அந்த வசனத்தையே முதலில் காட்டுங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் வேறொன்றும் கேட்கலாம்: பாவம் இல்லாமலே படைத்துவிட்டால், இயேசுவுக்குத் தாயாக வானதூதரிடம் 'ஆகட்டும்' என்றதில் அவருக்கு என்ன பெருமை? வேறு வழியே இல்லையே? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆதாமும் ஏவாளும்கூட ஜென்மப் பாவம் இல்லாமல்தான் தொடங்கினார்கள். விழவில்லையா? அருள் ஆளைக் கட்டிப்போடுவதில்லை. குடியை விட முடியாதவரைச் சுதந்திரமானவர் என்று யாராவது சொல்வோமா? பாவத்தின் இழுப்பு குறையக் குறையத்தான் ஒருவர் 'சரி' என்று சொல்வது முழுக்க அவருடைய சொல்லாகிறது. மாதா தூதரிடம் "இது எப்படி நிகழும்?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். ஆயுள் முழுக்க அவர் பாவம் செய்யவில்லை என்பதும் திருச்சபையின் போதனைதான். ஆனால் டிசம்பர் 8 அதன் தொடக்கத்தை மட்டும் குறிக்கிறது.

ஒரே வசனத்தில் நாத்தனாரை மடக்க முயலாதீர்கள். இந்தப் போதனை அப்படியே ஒரு வாக்கியமாக பைபிளில் இல்லை. வானதூதர் கபிரியேல் மாதாவுக்குச் சொன்ன வாழ்த்தையும், பாம்புக்கும் பெண்ணுக்கும் பகை உண்டாக்குவேன் என்று கடவுள் சொல்லும் தொடக்கநூல் 3:15-ஐயும் பல நூற்றாண்டு தியானித்துத் திருச்சபை வந்து சேர்ந்த இடம் இது. வேதத்தில் எழுதியிருப்பது மட்டுமே போதும் என்பவருக்கு அந்த வழியே ஒப்பாது. உங்கள் இருவருக்கும் உண்மையான வேறுபாடு அங்கேதான். அதை அவரிடம் நேராகவே சொல்லலாம்.