ஒரு காற்புள்ளிக்கு அப்பால் விடப்பட்ட அண்ணாவியார்

அன்பின் ஐயா,

எங்கள் மாணவர்கள் ஆடும், மட்டக்களப்பின் மரபுக் கூத்து வகையான வடமோடிக் கூத்தைத் தமிழ்நாட்டில் நடைபெறவுள்ள ஒரு பண்பாட்டு விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். இரவு முழுவதும் ஆடும் கூத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டுமாம். 12 பேருக்கே இடம் என்பதால், கூத்தைப் பழக்கி மத்தளம் அடித்து நடத்தும் அண்ணாவியாரை விட்டுவிட்டு, மத்தளத்தை ஒலிப்பதிவு செய்து கொண்டுபோகிறோம். விபுலாநந்த அடிகள் காட்டிய வழியில் இரு நாட்டுக் கலைகளையும் இணைக்கும் முயற்சி இது என நம்புகிறேன். இவ்வளவு சுருக்குவது கூத்துக்குச் செய்யும் துரோகமா?

ஒரு நாடக ஆசிரியை, களுவாஞ்சிகுடி

அன்பின் தங்கச்சிக்கு,

சுருக்குவது துரோகமல்ல. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடுவதை ஒரு மாலைப்பொழுதுக்குள் கொண்டுவந்தார். ஆனால் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்தார். நீங்களோ “அண்ணாவியாரை விட்டுவிட்டு” என்று எழுதி, ஒரு காற்புள்ளி இட்டு அப்பால் போய்விட்டீர்கள். கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் அந்தக் காற்புள்ளியில்தான் தடுக்கி விழுந்தேன்.

அடிகளாரை இதற்குள் இழுக்க வேண்டாம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் பழந்தமிழ் இசையை ஆராயும் தமது யாழ்நூலை அரங்கேற்றி, அடுத்த மாதமே மறைந்தார். அந்த உழைப்பை ஒரு விழாப் பயணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

யுத்தம் ஓய்ந்து சில ஆண்டுகளின் பின்னர், தமிழ்நாட்டிலிருந்து ஒரு தெருக்கூத்துக் குழு மட்டக்களப்புக்கு வந்தது. மாலையும் பொன்னாடையும் உரைகளுமாக நேரம் போய், அவர்களுக்குக் கிடைத்தது அரைமணி நேரந்தான். அன்றிரவு மழை. மண்டபத்து விறாந்தையில் பாயை விரித்து, அவர்களுடைய மிருதங்கக்காரர் இடப்பக்கத்து ரவைப் பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் அண்ணாவியார் எதிரே குந்தியிருந்து, அரசன் வரவுக்குரிய தாளக்கட்டை வாயால் சொன்னார். வந்தவர் ஒரே தடவையில் பிடித்து, பிசகாமல் வாசித்துக் காட்டினார். கிழவர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: “கை சரி மகன். கால் வரல்ல. எழும்பி ஒருக்கா ஆடிப்போட்டு வந்து அடி.”

அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டி, ஈர விறாந்தையில் ஆடினார். திரும்ப வந்து அமர்ந்து அடித்தபோது, தாளக்கட்டை முடித்துவைக்கும் தீர்மானத்துக்கு முன்னால் மயிரிழை அளவு ஒரு காத்திருப்பு வந்திருந்தது. ஆடுகிறவன் கால் ஊன்றுவதற்கான இடம் அது. பிறகு அவர் தம் ஊர் அடவொன்றைச் சொல்லிக்கொடுக்க, முழங்கால் வாதக்காரரான எங்கள் கிழவரும் தூணைப் பிடித்து எழும்பினார். ஒருவரும் படம் எடுக்கவில்லை. மறுநாள் ஏற்பாட்டாளர்கள் வெளியிட்ட அறிக்கையில் வரவேற்புரையும் நன்றியுரையும் மட்டுமே இருந்தன. 1977இல் இந்தியாவும் இலங்கையும் பண்பாட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன, இருக்கட்டும். நான் கண்ட கலைப் பரிமாற்றம் அந்தப் பாயில் நடந்ததுதான்.

உங்கள் ஒலிப்பதிவு அந்த மயிரிழை நேரம் காத்திருக்குமா? அண்ணாவியார் கூத்தாடும் களரியில் நின்று ஆடுகிறவனின் காலைப் பார்த்தபடி அடிக்கிறார். பிள்ளை களைத்தால் இழுத்துக் கொடுக்கிறார், தடுமாறினால் தாங்கிப் பிடிக்கிறார். பதிவு செய்த மத்தளத்துக்குக் கண் இல்லை. பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், அங்குள்ளவர்களும் கைதட்டுவார்கள். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு அவ்வூர் மிருதங்கக்காரர் ஒருவர் பாயை விரித்தால், அவருக்கு எதிரே போய்க் குந்துவதற்கு உங்கள் பன்னிரண்டு பேரில் யார் இருக்கிறார்கள்? வெளியூர்க்காரர் நமது கூத்தை மதிப்பதில்லை என்று கூட்டங்களில் முழங்குகிறவர்கள் நாம்தான், தங்கச்சி. அண்ணாவியாருடைய ஆசனத்தை முதலில் வெட்டுகிறவர்களும் நாமே. இதை நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

பதினைந்து நிமிடத்துக்கு எதை வெட்டுவது என்று என்னிடம் கேட்கவேண்டாம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போய், அவரிடமே கேளுங்கள். பன்னிரண்டு பேரில் பொறுப்பாளர்கள் என்று இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ஊரில் நிற்கட்டும். அண்ணாவியாரிடம் கடவுச்சீட்டு இருக்காது, எடுக்க நாள் பிடிக்கும். இந்தக் கிழமையே போங்கள்.