தம்பியை ‘ஹோமில்’ சேர்க்கத்தான் வேண்டுமா?

கேள்வி: தம்பிக்கு 27 வயது. மூன்று வருடமாக ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் வேலைக்குப் போவதில்லை, நாள் முழுக்கப் பட்டாலையில் படுத்தே கிடக்கிறான். அப்பச்சி போன பிறகு பெரிய வீட்டின் பங்கு பற்றிப் பேச்சு நடக்கிறது. பங்காளி ஒருவர், ‘இது ஆயுசுக்கும் தீராது, ஒரே தடவை பணம் கட்டினால் ஹோமில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒரு புரோக்கரைக் கூட்டி வந்தார். என்ன செய்வது? (வாசகி, தேவகோட்டை)

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சென்னையில் 1980களின் தொடக்கத்தில், இந்த நோய் முதல்முறையாக வந்த 90 பேரைச் சேர்த்து மனநல மருத்துவர் தாராவின் குழு வருடக்கணக்கில் விடாமல் பார்த்து வந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு நோய் அடங்கியிருந்தது, பலர் கல்யாணம் செய்துகொண்டு வேலைக்கும் போனார்கள். மூன்றில் ஒருவராவது முழுதாக மீள முடியும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் நன்றாக இருக்கிறானே என்று மாத்திரையை நிறுத்தினால் குரல் திரும்பி வரும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

படுத்தே கிடப்பது சோம்பேறித்தனம் இல்லை. நோயின் இன்னொரு பக்கம் அது, சில சமயம் மாத்திரையின் மந்தமாகவும் இருக்கும், டோஸைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். காலையில் கடைக்கு அனுப்புவது மாதிரி ஒரு சின்ன வேலை, தினமும் அதே நேரத்தில். எடையையும் சர்க்கரையையும் பாருங்கள், சிகரெட் இருந்தால் விடச் செய்யுங்கள். இந்த நோயாளிகளில் நிறைய பேரைச் சீக்கிரம் கொண்டுபோவது மாரடைப்புதான். இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? அரசு ஆஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை எழுதி அனுப்பிவிடுகிறார்கள், அடுத்த மாதம் போனால் வேறு டாக்டர்.

சரி, ஹோம். ஏர்வாடி உங்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான். அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளை வைத்திருந்த ஹோமின் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப் போனார்கள். சங்கிலி போடுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்த ஹோமுக்கு மாநில மனநல ஆணையம் கொடுத்த பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், பாதிப் புரோக்கர்கள் அதோடு போனை எடுக்க மாட்டார்கள்.

சேர்க்கவே கூடாதா என்றால், ஒரு நிலைமையில் சேர்க்கலாம். தற்கொலைப் பேச்சு வந்தால், சாப்பாட்டை அடியோடு விட்டால், யாரையாவது அடிக்கப் போனால் உடனே சேர்க்க வேண்டும். அதுவும் ஆஸ்பத்திரியில், முதலில் 30 நாள் வரைதான். அதற்கு மேல் அவர் சம்மதமில்லாமல் வைத்திருக்க இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அந்தச் சட்டப்படியான மனநல மறுஆய்வு வாரியம் அனுமதிக்க வேண்டும். ‘ஒரே தடவை பணம், ஆயுசுக்கும் பராமரிப்பு’ என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

இன்னொன்று. ‘மனநோயாளிதானே, அவர் கையெழுத்து தேவையில்லை’ என்று பங்குப் பத்திரம் நீட்டுவார்கள். நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை கோர்ட் சொல்ல வேண்டும். உங்கள் தம்பியின் பங்கு அவருடையதுதான். பத்திரத்தை முதலில் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், பங்காளி கூட்டி வரும் வக்கீலிடம் இல்லை.