வண்டி ஏன் இப்படிக் குடிக்கிறது? – கேள்வி பதில்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு அடியில் படுத்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். மைலேஜ் குறைந்துவிட்டது என்று வந்திருக்கும் கேள்விகளுக்கு இன்று ஒரே மூச்சில் பதில் சொல்லப் பார்க்கிறேன். கேட்கும்போது நான்கு விவரம் தாருங்கள்: எத்தனை கி.மீ., எத்தனை லிட்டர், என்ன டயர், கடைசியாக என்ன மாற்றினீர்கள். "மைலேஜ் போச்சு சார்" என்று மட்டும் எழுதினால் "அடடா" என்று மட்டும்தான் என்னால் எழுத முடியும்.

செம்மண்: 3 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 8.5தான் தருகிறது. டயரை 265/70 ஆர்17இலிருந்து 285/70 ஆர்17 மட் டெரெய்னுக்கு (சேற்றில் ஓட்டும் டயர்) மாற்றினேன். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் கருவி) வைத்தேன். எந்த சென்சார் போயிருக்கும்?

பதில்: சென்சாரை விடுங்கள், முதலில் கணக்கைப் பார்ப்போம். பழைய டயரின் விட்டம் 803 மி.மீ., புதியது 831. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி முன்பைவிட 3.5 சதவீதம் அதிகமாக நகர்கிறது. ஓடோமீட்டருக்கு இது தெரியாது, அது சுற்றைத்தான் எண்ணும். அது 100 கி.மீ. என்று காட்டும்போது நீங்கள் ஓடியிருப்பது 103.5. ஆக உங்கள் 8.5 உண்மையில் 8.8. தொலைந்துவிட்டதாக நினைக்கும் 1.5இல் 0.3 தொலையவே இல்லை.

மீதி 1.2 நிஜமான இழப்பு. அதில் பெரும்பங்கு அந்த டயருக்குத்தான் போகும். மட் டெரெய்ன் கனமானது, உருள்வதற்கும் கூடுதல் பலம் கேட்கும். தார் ரோட்டில் அது 'ஊ' என்று ஊளையிடுகிறதே, அந்தச் சத்தத்துக்கும் சேர்த்து டீசல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பம்பரும் வின்ச்சும் ஊருக்குள் நின்று நின்று போகும்போது தெரியும், நெடுஞ்சாலையில் அவ்வளவாகத் தெரியாது.

அளக்கும் முறையை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பம்ப் குழாய் தானாக முதல்முறை 'டக்' என்று நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்குமேல் குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டாம். 400 கி.மீ.யாவது ஓடிவிட்டு, அதே பம்பில், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்க, மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுங்கள். இப்படி மூன்று டாங்க் பார்த்துவிட்டு வந்தால் பேசலாம். டேஷ்போர்டில் காட்டும் எண் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் உத்தேசக் கணக்கு. அதை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள்.

டீசல் தம்பி: அண்ணா, டாங்கில் ஊற்றும் மைலேஜ் திரவம் ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள்.

பதில்: எதுவும் வேண்டாம்.

மூன்று டன்: ஊருக்குள் பழைய மைலேஜ்தான். நெடுஞ்சாலையில் மட்டும் அடி வாங்குகிறது. போன மாதம் கூரையில் கேரியரும் டென்ட்டும் போட்டேன், அதனால் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில்: அதனால்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடும். 80இல் போகும்போது இருப்பதைவிட 110இல் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பெரிய வண்டியே சுவர் மாதிரிதான் காற்றை எதிர்கொள்கிறது, அதன் தலையில் நீங்கள் இன்னொரு பெட்டியை வைத்திருக்கிறீர்கள். பயணம் இல்லாத நாளில் டென்ட்டைக் கழற்றி வையுங்கள். சோம்பலாக இருந்தால் 90க்கு மேல் போகாதீர்கள்.

சேற்றுச்சக்கரம்: ஆற்றைக் கடந்து ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்ததிலிருந்து 9 இருந்தது 7 ஆகிவிட்டது. எந்த விளக்கும் எரியவில்லை. ஸ்கேனரிலும் ஒன்றும் வரவில்லை. வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது.

பதில்: இன்று வந்ததில் உருப்படியான கேள்வி இதுதான். அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

எரிந்த டீசல் மாயமாய்ப் போவதில்லை. வண்டியை நகர்த்தாத பங்கு எங்கேயோ ஓரிடத்தில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைத் தேடுங்கள். போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் 15, 20 கி.மீ. ஓட்டுங்கள். முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல், கடைசியில் வண்டி தானாக உருண்டு நிற்கும்படி விடுங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியையும் சூடு அளக்கும் கருவியால் பாருங்கள். கருவி இல்லையென்றால் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். டிஸ்கைத் தொட்டுவிடாதீர்கள், கைரேகை அதிலேயே தங்கிவிடும். இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்க பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது.

உங்கள் விஷயத்தில் முன் இடதுதான் என் சந்தேகம். சேற்றுத் தண்ணீர் புகுந்து, காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் ஒட்டியிருக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிரேக் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பிப்போனால் மிதிக்கும்போது திரவத்தை விடும், காலை எடுத்தால் திரும்ப விடாது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உடனே சக்கரம் இலகுவானால் கோளாறு ஹோஸில் அல்லது அதற்கும் மேலே. ஆகாவிட்டால் காலிப்பரில். வேலை முடிந்ததும் பிரேக் திரவத்தின் அளவைப் பார்த்து, காற்று எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள். இதை நான் இன்று இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் உள்ள கியர் பெட்டி) ஆயிலையும் திறந்து பாருங்கள். ஓடிச் சூடான டிஃபரன்ஷியலைக் குளிர்ந்த ஆற்றில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, ஆக்சில் சீல் வழியாகவோ மூச்சுக்குழாய் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த மாதிரி வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மைலேஜுக்காக இல்லை, பேரிங்குக்காக.

புது ஓட்டுநர்: பழைய பார்ட்-டைம் ஃபோர் வீல் வண்டி வாங்கினேன். பாதுகாப்புக்காக எப்போதும் ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) வைத்துத்தான் ஓட்டுகிறேன். மைலேஜ் மிகக் குறைவு.

பதில்: காய்ந்த தார் ரோட்டில் உடனே டூ ஹைக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். இந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் மைய டிஃபரன்ஷியல் உங்கள் வண்டியில் கிடையாது, அதனால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டே ஓடுகின்றன. டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி), டீசல் மூன்றும் தேயும். முன் சக்கர ஹப் கையால் பூட்டும் வகையாக இருந்தால் அதையும் 'ஃப்ரீ'யில் வையுங்கள், இல்லாவிட்டால் முன் ஆக்சிலும் முன் ஷாஃப்ட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை மட்டும் பூட்டிச் சில கி.மீ. நேராக ஓட்டுங்கள், உள்ளே ஆயில் பரவட்டும்.

மணல்மேடு: மணலில் ஓட்ட டயர் காற்றை 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். அதற்கப்புறம்தான் மைலேஜ்...

பதில்: திரும்ப ஏற்றினீர்களா?

மணல்மேடு: ...இல்லை.

பதில்: ஏற்றிவிட்டு வாங்க. அதுவரை வேகமாகப் போகாதீர்கள். மைலேஜ் கிடக்கட்டும், காற்றில்லாத டயர் சூடேறி வெடிக்கும்.

காந்தக்காரன்: டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் 20 சதவீதம் மிச்சம் என்கிறார்களே? கூடவே ஏதாவது திரவமும் ஊற்றலாமா?

பதில்: டீசலில் காந்தம் பிடித்து இழுக்க ஒன்றுமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970களிலிருந்து இந்த மாதிரிக் கருவிகளைச் சோதித்து வந்திருக்கிறது. பெரும்பாலானவற்றால் பயனில்லை என்பதுதான் முடிவு. திரவத்துக்கு டீசல் தம்பிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

இளஞ்சூடு: பெட்ரோல் வி6. டெம்பரேச்சர் முள் முன்பு நடுவில் நிற்கும், இப்போது கீழேயே இருக்கிறது. ஹீட்டரும் சரியாகச் சூடாகவில்லை. சூடு குறைவது எஞ்சினுக்கு நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். முதல் சில நிமிடம் அது குளிர்ந்தே இருக்க வேண்டும், பிறகு திடீரென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பாகி வந்தால் தெர்மோஸ்டாட் போச்சு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

தூசி: ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறுமா?

பதில்: கார்புரேட்டர் (கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றின் உறிஞ்சலிலேயே பெட்ரோலைக் கலக்கும் பழைய வகை) வண்டியில் ஏறலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் அநேகமாக ஏறாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதை அளந்து பார்த்தது. அடைத்த ஃபில்டர் வேகமெடுப்பதைக் குறைத்தது, எரிபொருள் செலவைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. எஞ்சினுக்காக மாற்றுங்கள். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் என்றால் அளவோடு தடவுங்கள், வழிந்தால் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் ஒட்டிக்கொள்ளும்.

மலைப்பாதை: முப்பது வருட ஓட்டுநர் நான். மலை இறங்கும்போது நியூட்ரலில் போட்டு எவ்வளவோ டீசல் மிச்சம் பிடித்திருக்கிறேன். ஆனாலும் இந்த வருடம் மைலேஜ் 11இலிருந்து 9.5 ஆகிவிட்டது. ஏன்?

பதில்: முதலில் அந்த நியூட்ரலை நிறுத்துங்கள் ஐயா. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் முழுவதுமாக நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் ஊற்றியாக வேண்டும். நீங்கள் மிச்சம் பிடிக்கவில்லை, செலவழித்துக்கொண்டு இறங்குகிறீர்கள்.

மலைப்பாதை: புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறீர்கள். கியரில் விட்டால் வண்டி பாதியிலேயே தளர்ந்துவிடும், மறுபடி மிதிக்க வேண்டும். நியூட்ரலில் இரண்டு கி.மீ. தானாக உருளும்.

கார்புரேட்டர் காலம்: ஐயா சொல்வது சரி. எங்கள் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்.

பதில்: கார்புரேட்டர் காலத்தவரே, உங்கள் வண்டிக்கு நீங்கள் சொல்வது சரி. கியரில் இறங்கினாலும் அந்த எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மலைப்பாதை ஐயா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மிக லேசான சரிவில், கியரில் விட்டால் வேகம் குறையும் இடத்தில், நியூட்ரல் கொஞ்சம் மிச்சம் தரலாம். ஆனால் நீங்கள் சொன்னது மலை. அங்கே கியரில் விட்டாலும் வண்டி ஓடும், நியூட்ரலில் விட்டால் பறக்கும், பிரேக்கை மிதித்தபடியே இறங்க வேண்டியிருக்கும். 2,500 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல் சுமார் 12 மெகாஜூல். 25 டிகிரியில் இருக்கும் 39 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினிடம் கொடுக்காவிட்டால் அத்தனையும் நாலு பிரேக்கின் தலையில். பிரேக் திரவம் கொதித்துவிட்டால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

மலைப்பாதை: முப்பது வருடத்தில் ஒருமுறைகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

டீசல் தம்பி: அண்ணா, ஓபிடி கருவியில் (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர்) இப்போதுதான் பார்த்தேன். கியரில் இறங்கும்போது டீசல் ஓட்டம் 0 காட்டுகிறது. நியூட்ரலில் மணிக்கு 1.1 லிட்டர்.

பதில்: நன்றி தம்பி. திரவம் கேட்டதை மன்னித்தேன்.

ஐயா, உங்கள் கேள்விக்கே வருகிறேன். வருடக்கணக்கில் சூட்டிலேயே வேகும் பிரேக்கில் காலிப்பர் பின்களில் உள்ள கிரீஸ் காய்ந்துவிடும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கெட்டியாகிவிடும். சேற்றுச்சக்கரத்துக்குச் சொன்ன சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். ஸ்டாண்ட் வையுங்கள்.

குட்டிப்பயணம்: டீசல், டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டி. தினமும் 5 கி.மீ. மட்டும் ஓட்டம். மைலேஜ் குறைகிறது, எஞ்சின் ஆயில் அளவு ஏறுகிறது. ஆயில் ஏறுவது எப்படி?

பதில்: ஏறுவது ஆயில் இல்லை, டீசல். ஃபில்டரில் சேரும் கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசல் செலுத்தி சைலன்சர் சூட்டைக் கூட்டும். அது முடிவதற்குள் நீங்கள் வீடு சேர்ந்து அணைத்துவிடுகிறீர்கள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்குகிறது. ஆயிலை மாற்றுங்கள், வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். அப்படியும் அடிக்கடி எரிக்க ஆரம்பித்தால் டர்போ ஹோஸ் கசிவையும் இஜிஆரையும் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடும் வால்வு) சோதிக்கச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை: ஆட்டோமேட்டிக். 100இல் 2,000 ஆர்.பி.எம். காட்டியது, இப்போது 2,300.

பதில்: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்குகிறது போலிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும். தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஹைப்ரிட்: ஹைப்ரிட் வண்டி பேட்டரி பலவீனமானால்...

பதில்: எனக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். அதில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

புதியவர்: மைலேஜ் ஏற நல்ல திரவம்...

பதில்: அடடா.

மலைப்பாதை: சோதித்துவிட்டேன். முன் வலது சக்கரம் 95 டிகிரி, மற்றவை 50ஐத் தாண்டவில்லை. காலிப்பரைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். நியூட்ரல் விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியாது.

பதில்: காலிப்பர் சரியானதும் மூன்று டாங்க் கியரில் இறங்கி அளந்து அனுப்புங்கள் ஐயா. மீதிச் சண்டையை அப்போது போடலாம்.