நுவரெலியாவில் ஓடும் பழைய 15 குதிரைவலு படகு எஞ்சினுக்கு எந்தக் காபரேட்டர் வாங்கலாம்?

நீர்கொழும்பில் வாங்கிய பழைய யமஹா 15, டூ ஸ்ட்ரோக், கிரகரி வாவியில் முழு வேகம் கொடுத்தால் விக்குகிறது, பிளக் கறுக்கிறது, காபரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் காசை எடுக்காதீர்கள்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். கடற்கரைக்குப் போட்ட ஜெட் (காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகு) ஏறக்குறைய அதே பெற்றோலை ஊற்றும், ஆனால் எரிக்கக் காற்று போதாது. நீங்கள் சொன்ன கறுப்புப் பிளக்கும் விக்கலும் இதனாலேயே வரலாம், அப்படியென்றால் ஒரு நம்பர், இரண்டு நம்பர் சிறிய மெயின் ஜெட் போட்டாலே சரியாகிவிடும். அதற்காக ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது, டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெற்றோலோடுதானே போகிறது, பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

காபரேட்டர் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க, திரொட்டில் ஷாஃப்டை (வேகம் கொடுக்கும்போது காபரேட்டரில் திரும்பும் தண்டு) விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடைவெளியால் காற்று இழுக்கும், எந்த ரிப்பேர் கிட் போட்டும் பிரயோசனமில்லை. அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் வெள்ளைப் பொடி பூத்து, அலுமினியம் குழிகுழியாக அரித்திருக்கிறதா? உப்புத் தண்ணீரின் வேலை, தூக்கிப் போடுங்கள். வெறும் பிசின் படிந்திருந்தால் கழுவி, நீடிலும் கேஸ்கட்டும் மாற்றினால் போதும்.

சரி, வாங்கத்தான் வேண்டும் என்றால் கடையில் போய் "15க்கு ஒன்று தாங்க" என்று கேட்காதீர்கள். படகில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மொடல் கோட் அதில்தான். யமஹா பாக நம்பரில் நடுவில் 14301 வந்தால் அது முழுக் காபரேட்டர், அதற்கு முன்னால் வரும் 63வி, 6பி4 போன்றவைதான் எந்த எஞ்சினுக்கு என்று சொல்லும். பழைய காபரேட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். 9.9க்கும் 15க்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே அளவு வேறு.

கரையோரத்தில் இன்னொரு சிக்கல், மீன்பிடி எஞ்சின்கள் நிறைய மண்ணெண்ணெயில் ஓடுபவை. அதிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைக்கும், உங்கள் பெற்றோல் எஞ்சினுக்கு ஜெட் ஒத்துவராது, வேண்டாம். பெரிய துவாரமுள்ள காபரேட்டரைப் போட்டால் இழுவை கூடும் என்று ஏதாவது மெக்கானிக் பாஸ் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இந்த உயரத்தில் குறையும் வலுவை எந்தக் காபரேட்டரும் திருப்பித் தராது. ஆள் ஏற்றினால் இழுக்கவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளும் தூரம்) குறைந்த புரொப்பெல்லர்தான் வழி.

அப்புறம், கழற்றிய பெரிய ஜெட்டை எறியாமல் டூல்ஸ் பெட்டியில் போட்டுவையுங்கள். எஞ்சினைத் திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோகும்போது அதைத் திரும்பப் போடாமல் முழு வேகத்தில் ஓட்டினால், அங்கே காற்று கூட, பெற்றோலும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம்.