குரல் நடுங்கினால் என்ன?

கேள்வி: 2018 டிசம்பரில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னி, சொந்த ஊரான லிவர்பூலின் உள்ளரங்கில் பாடினார். ‘மெய்சிலிர்த்தது’ என்று சிலர், ‘குரல் போய்விட்டது’ என்று சிலர். நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: முதல் கட்சிதான். குரல் தேய்ந்தது உண்மை. அப்போது அவருக்கு 76 வயது. 26 வயதில் பதிவு செய்த ‘ஹே ஜூட்’ பாட்டை மேடையில் அதே சுருதியில்தான் எடுக்கிறார். மேலே போகும்போது குரல் நடுங்குகிறது, சில இடங்களில் வெறும் காற்றுதான் வருகிறது. சுருதியைக் குறைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் குறைக்கவில்லை.

பழைய பதிவையும் மேடைப் பதிவையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டேன். பழையது அழகு, சரி. அப்புறம் மேடைப் பதிவில், கடைசி ‘நா நா நா’வைக் கூட்டமே வாங்கிக்கொள்கிற இடம் வந்தது. கண் கலங்கிவிட்டது.

பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவரின் வருத்தமும் நியாயம்தான். ஆனால் லிவர்பூல்காரர்களுக்கு அவர் அந்த ஊர் பென்னி லேன் தெருவில் பஸ் மாறிப் போன பையன்.