டி-சர்ட்டில் அச்சடிக்கும் முன் துணியைப் பாருங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் 70 பேர், 25 வருடம் கழித்து ஏற்காட்டில் கூடுகிறோம். காலையில் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் நடை, அப்புறம் மாலை வரை ஏரிப் பக்கம். எல்லாருக்கும் மெரூன் டி-சர்ட். முதுகில் பள்ளிக் கட்டடத்தின் படம், கீழே அவரவர் பெயர், எல்லாம் வெள்ளையில். ஒரு கடையில் பாலியெஸ்டர் டிரை-ஃபிட் காட்டுகிறார்கள். இன்னொரு கடையில் காட்டன், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எதை எடுக்கலாம்? பிரிண்ட் நிற்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ‘மெரூன் பாலியெஸ்டரில் வெள்ளை’ என்பதுதான். சில வருடங்களுக்கு முன் ஒரு கபடிக் குழுவுக்குச் சிவப்பு பாலியெஸ்டரில் வெள்ளை எண்கள் அடித்துக் கொடுத்தேன். கொடுத்த அன்று பளிச்சென்று இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் பெட்டியைப் பிரித்தால் எண்கள் எல்லாம் ரோஸ் நிறம். பையன்களின் முகம் இன்னும் மறக்கவில்லை.

காரணம் சாயத்தில் இருக்கிறது. பாலியெஸ்டருக்குப் போடும் சாயம் சூடு பட்டால் ஆவியாகிக் கிளம்பும். துணியில் அச்சடிக்க வழக்கமாகப் போடும் பிளாஸ்டிசால் மை காய ஏறக்குறைய 160 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கிளம்பிய மெரூன் சாயம் வெள்ளை மைக்குள் மெல்ல ஏறிவிடும், சில நேரம் நாள்கள் கழித்து. சாயத்தைத் தடுக்கும் மை இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். இதே குணத்தைப் பயன்படுத்தும் முறைதான் சப்ளிமேஷன். அதில் பிரிண்ட் உரியவே உரியாது, கைக்கும் தட்டாது. ஆனால் வெள்ளை அல்லது வெளிர் நிறப் பாலியெஸ்டரில்தான் எடுபடும். வெள்ளைத் துணியில் மெரூனையும் படத்தையும் சேர்த்து அடித்துத் தைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், அது நல்ல வேலை. ரெடிமேட் மெரூனில் ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம்.

சரி, உங்களுக்கு எது? நான் காட்டன்தான் சொல்வேன். இது ஒரு நாள் நடைக்கு மட்டும் போடும் சட்டை இல்லை. அடுத்த ஐந்து வருடம் வீட்டில் ஆசையோடு எடுத்துப் போடப்போகிற சட்டை. சேலத்து வெயிலுக்கு உடம்பில் ஒட்டாமல் இருப்பதும் அதுதான். ஒரு குறை உண்டு: வியர்வையை உறிஞ்சிவிட்டு மெதுவாகத்தான் காயும். மேலே போனபின் மாலைப் பனிக் காற்றில் ஈரக் காட்டன் குளிரும். உள்ளே போட ஒரு பனியனை மாற்றுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள்.

காட்டன் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சாம்பிள் சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் காட்டன். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். இரண்டும் தெரிந்தால் கலப்பு.

அடுத்தது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். பிரசாரத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் சட்டைகள் பெரும்பாலும் 140 அல்லது அதற்கும் கீழே. முதுகில் பெரிய படம் வந்தால் அந்த மெல்லிய துணி மையின் கனம் தாங்காமல் சுருங்கித் தொங்கும். உங்களுக்கு 180 போதும். 220, 240 எல்லாம் இளைஞர்கள் போடும் தொளதொள சட்டைக்கு அழகு, நடைக்குப் புழுங்கும்.

எடையைவிட எனக்கு முக்கியம் துணியின் முகம். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பொடி மயிர் போல இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது தேறாது. நாலு தடவை துவைத்ததும் அந்த இழைகள் மையைக் குத்திக்கொண்டு மேலே வரும். பார்ப்பவர்கள் பிரிண்ட் வெளுத்துவிட்டது என்பார்கள். மை அங்கேயேதான் இருக்கும், பஞ்சுதான் மறைத்திருக்கும். அதனால்தான் கோம்ப்டு நூல், பயோவாஷ் இரண்டையும் கேட்கச் சொல்கிறேன். முதலாவதில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதில் நொதி கொண்டு மேல்பஞ்சை நீக்குகிறார்கள். திருப்பூரிலிருந்து வரும் நல்ல சரக்கில் இரண்டும் இருக்கும். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இதற்குத்தான்.

ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. முத்தாக நின்றால் மேலே சிலிகான் மெழுகு ஏற்றியிருக்கலாம். தொட்டால் வழவழவென்று இருக்கும், ஆனால் மை சரியாகப் பிடிக்காது.

அப்புறம், சாம்பிளில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பேனாவால் வரைந்து, வீட்டுத் தண்ணீரிலேயே மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். நீளத்தில் ஒன்பதுக்கு வந்துவிட்டால் 28 அங்குலச் சட்டை 25-க்கு வந்துவிடும் என்று அர்த்தம். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்தாலும் அந்தச் சரக்கைத் தள்ளிவிடுங்கள்.

பிரிண்டுக்கு வருவோம். கட்டடப் படம் எல்லாருக்கும் ஒன்றே, ஒரே நிறம், 70 சட்டை. ஸ்கிரீன் பிரிண்டிங்தான் கட்டுப்படியாகும். பெயர் ஆளுக்கு ஆள் மாறுவதால் அதற்கு மட்டும் டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் அழுத்தித் துணியில் ஒட்டுவது. படத்தைக் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள். முதுகில் ஓர் அடி அகலத்துக்கு நிறம் நிரப்பிய படம் பிளாஸ்டிக் தாள் ஒட்டியதுபோல வியர்வையை அடைக்கும். எல்லாரும் முதுகுப்பையோடு நடப்பீர்கள் அல்லவா? பை உரசும் இடமும் அதுதான். தோள்பட்டைக்கு நடுவே, பைக்கு மேலே பெயரையும், படத்தை நெஞ்சுப் பக்கமும் மாற்றினால் இன்னும் நல்லது. போட்டோவிலும் படம் தெரியும்.

காலர் சட்டை வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அதைத் தைக்கும் மேட்டி என்ற துணி குழி குழியாக இருப்பதால் மெல்லிய கோடுகள் உடையும். அதற்கு எம்பிராய்டரிதான் சரி.

அளவு கேட்கும்போது எம், எல் என்று கேட்காதீர்கள். ஒரு கடையின் எம் 38 அங்குலம், இன்னொன்றில் 40. பொருத்தமாக இருக்கும் ஒரு டி-சர்ட்டைத் தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பெண்களில் சிலர் சுடிதார் பேண்டுக்கு மேல் போடுவார்கள். அவர்களிடம் உயரமும் கேளுங்கள்.

துவைக்கும் விதத்தை ஒரு சீட்டில் எழுதிச் சட்டையோடு மடித்துக் கொடுங்கள்: முதல் முறை தனியாக, எப்போதும் உட்புறம் வெளியே திருப்பி, பிரிண்ட் மேல் பிரஷ் போடாமல், கல்லில் அடிக்காமல், நிழலில் காயவைத்து. இஸ்திரியும் உட்புறத்தில்தான்.

ஆர்டர் கொடுக்கும்போது பெயர் இல்லாமல் நாலு சட்டை கூடுதலாக அடித்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் இரண்டு டபுள் எக்ஸ்எல். வரவில்லை என்று சொன்ன நண்பர் கடைசி நாளில் அடிவாரத்தில் வந்து நிற்பார்.